பைன் காட்டில் பறவை எங்கே?

கொடைக்கானலுக்குப் பறவை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப் போவது என் வேலை. மோயர் பாயிண்ட் பக்கத்துப் பைன் காட்டுக்குள் நுழைந்ததும் எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிடும். நெடுநெடுவென்று மரங்கள், இடையில் பனிமூட்டம், காலடியில் மெத்தை போல ஊசியிலை. பத்து நிமிடம் போனால் யாராவது கேட்பார்: "என்னங்க, ஒரு குருவிச் சத்தம்கூட இல்லையே?"

அவரைக் குனிந்து பார்க்கச் சொல்வேன். ஒரு கை ஊசியிலையை அள்ளி விலக்கினால், அடியிலும் ஊசியிலைதான். பிசின் ஏறிய இலை சீக்கிரம் மக்காது. புதர் இல்லை, பறவை தின்னும் பழம் இல்லை, புழு பூச்சியும் குறைவு. பட்டாணிக்குருவிகள் கூட்டமாகக் கடந்து போகும். மரப்பட்டையில் தலைகீழாக இறங்கும் நீலக் குருவி எப்போதாவது கண்ணில் படும்.

இந்தப் பைன் நம் மலைக்குரிய மரமே இல்லை. இங்கே நட்டதில் பெரும்பாலானவை மெக்சிகோ இனம். பைன், யூகலிப்டஸ், வாட்டில் என்று வெளிநாட்டு மரங்கள் எல்லாம் போய் உட்கார்ந்தது பெரும்பாலும் புல்வெளியில்தான். 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலையின் மேல்பகுதிப் புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. புல்லுக்குள் தரையிலேயே கூடு கட்டும் நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவைக்கு வேறு போக்கிடம் ஏது?

சரி, பறவை பார்க்க எங்கே நிற்பது? பைனும் சோலையும் (இந்த மலையில் இயல்பாக வளர்ந்த பசுமைக் காடு) சேரும் ஓரத்தில், காலை ஆறிலிருந்து எட்டு மணி வரை. அங்கே பழனிச் சிரிப்பான் என்ற பறவையின் சத்தம் கேட்கும். அப்புறம் சோலைக்கிளி. பெயரில்தான் கிளி, பார்த்தால் சிட்டுக்குருவி அளவில், வயிறு மட்டும் வெளுத்த கருநீலப் பறவை. 2017-ல் இதற்குச் சூட்டிய பேரினப் பெயர் 'ஷோலிகோலா', சோலையில் வாழ்வது என்று பொருள். நம் சொல் ஒன்று அறிவியல் பெயரில் ஏறியிருப்பதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் அந்தப் பறவையிடம்தான் நான் ஒருமுறை தவறு நடக்க விட்டேன். கூட வந்தவர் போனில் அதன் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டார். நான் தடுக்கவில்லை. உடனே பறவை வந்தது, அலகில் ஒரு பச்சைப் புழுவோடு. குஞ்சுக்கு எடுத்துப் போன இரை. தன் இடத்துக்குள் இன்னொன்று புகுந்துவிட்டது என்று நினைத்து, கிளைக்குக் கிளை தாவி, வாலை விரித்து விரித்துத் தேடியது. தேடிய பத்து நிமிடமும் புழு அலகிலேயே இருந்தது. கூட்டுப் பக்கம் போகவே இல்லை. அன்றிலிருந்து சோலைக்குள் நுழையும்முன் எல்லாருடைய போனும் பைக்குள் போய்விட வேண்டும்.

காட்டுமாடு விஷயமும் அப்படித்தான். பைன் மரங்களுக்கு நடுவே அது அமைதியாக நிற்பதைப் பார்த்துச் செல்ஃபி எடுக்கக் கிட்டே போகிறார்கள். தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறதா? ஏற்கெனவே மிகவும் நெருங்கிவிட்டீர்கள். ஓடாமல், சத்தம் போடாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள்.

இன்னொன்று. தோப்புக்கு வயதாகி வெளிச்சம் இறங்கும் சில இடங்களில், பைனுக்கு அடியிலேயே சோலை மரக் கன்றுகள் தானாக முளைத்திருக்கின்றன. பழம் தின்ற பறவைகள் போட்ட விதையாக இருக்கும். போட்டோவுக்கு நிற்கிற இடத்தில், முழங்கால் உயரத்தில் பளபளப்பான அகல இலையோடு ஒரு செடி தெரிந்தால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.