ஒரு கேரக்டரில் மாற்றினால் ஒன்பதிலும் மாறுகிறதா?

ரிச்சி தெருவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் புதிதாகப் போடும் முன் "என்னென்ன எடுத்து வைக்கணும்?" என்று கேட்பேன். போட்டோ, டேலி டேட்டா, டெஸ்க்டாப்பில் கிடப்பவை என்று வரிசையாகச் சொல்வார்கள். கேம் விளையாடும் பிள்ளைகள் மட்டும், "கேமைத் திரும்ப டவுன்லோட் பண்ணிக்கிறேண்ணே" என்று விட்டுவிடுவார்கள். கேம் வந்துவிடும். ஆட்ஆன், அதாவது கேமின் திரையை மாற்றியமைக்க மற்றவர்கள் எழுதித் தரும் துணை நிரல்; மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து அமைத்த அதன் செட்டிங்ஸ் வராது.

போன மாதம் வந்த கல்லூரி மாணவனுக்கு வேறு பிரச்சினை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் அவனுக்கு ஒன்பது கேரக்டர்கள். குழுவினரைக் குணப்படுத்தும் ஹீலர் கேரக்டருக்காக, அவர்களின் உயிர்க்கோடுகளைத் திரை நடுவில் பெரிதாக வைத்திருந்தான். பிறகு சண்டை போடும் வாரியர் கேரக்டரில் அதைச் சுருக்கி ஓரத்துக்குத் தள்ளினான். ஹீலருக்குத் திரும்பினால் அங்கேயும் ஓரத்தில். "வைரஸாண்ணே?" என்றான், முகம் வாடிப்போய்.

வைரஸ் இல்லை. கேம் ஃபோல்டருக்குள் டபிள்யூ.டி.எஃப். (WTF) என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் அக்கவுண்ட் முழுவதற்கும் பொதுவாக, ஆட்ஆன் செட்டிங்ஸ் சேமிக்கும் சேவ்டு வேரியபிள்ஸ் ஃபோல்டர் ஒன்று, ஒவ்வொரு கேரக்டரின் பெயரிலும் தனியாக ஒன்று. எதில் எழுதுவது என்பதை ஆட்ஆன் எழுதியவர் முடிவு செய்கிறார். அவனுடைய ஆட்ஆனின் செட்டிங்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து அவனுக்குக் காட்டினேன். புரொஃபைல் கீஸ் என்ற தலைப்பின் கீழ் ஒன்பது கேரக்டர் பெயர்கள். ஒன்பதுக்கும் எதிரே ஒரே சொல்: டிஃபால்ட்.

அதாவது ஒன்பது பேருக்கும் ஒரே புரொஃபைல், ஒரே செட்டிங்ஸ் தொகுப்பு. செட்டிங்ஸைப் பகிர்வது என்றால் இதில் இரண்டு வழி இருக்கிறது, பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். ஒரே புரொஃபைலை எல்லாரும் தேர்ந்தெடுத்தால், ஒருவர் மாற்றுவது எல்லாருக்கும் மாறும். புதுப் புரொஃபைல் தொடங்கி, பழையதிலிருந்து 'காப்பி ஃப்ரம்' கொடுத்தால், அந்த நேரத்து நகல் மட்டும் வரும். அதற்குப் பிறகு இரண்டுக்கும் தொடர்பில்லை. ஒன்பதுக்கும் ஒன்பது புரொஃபைல் வைப்பதை நான் சொல்லமாட்டேன், பராமரிக்க முடியாது. வேலையை வைத்துப் பிரியுங்கள். அவனுக்கு ஹீலிங்குக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று என இரண்டே போதுமாக இருந்தது.

மேக்ரோவும் (பல கட்டளைகளை ஒரே பட்டனில் வைப்பது) கீ பைண்டிங்கும் (எந்த விசைக்கு எந்த வேலை என்பது) கேம் நிறுவனத்தின் சர்வரிலும் சேமிப்பாகும். ஆட்ஆன் செட்டிங்ஸ் அப்படியல்ல, உங்கள் டிஸ்க்கில் மட்டும்தான். பாதி திரும்பி வருவதால், மீதியும் வந்துவிடும் என்று நம்பி ஏமாறுகிறார்கள். டபிள்யூ.டி.எஃப். ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்து வையுங்கள். கேமை மூடிவிட்டுச் செய்யுங்கள். கேம் ஓடும்போது ஃபைலைத் திருத்தினாலும் பழையதைத் திரும்ப வைத்தாலும், வெளியேறும்போது கேம் அதன்மேல் எழுதிவிடும்.

நண்பன் கேட்டான் என்று ஃபோல்டரை முழுசாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள். உங்கள் கேரக்டர்களின் பெயரெல்லாம் அதில் இருக்கிறது. சில ஆட்ஆன்கள் பேசியதையும் சேமித்து வைக்கும். பல ஆட்ஆன்களில் 'எக்ஸ்போர்ட்' உண்டு, அந்த ஒரு புரொஃபைலை மட்டும் எழுத்துச் சரமாக அனுப்பலாம். தெரியாதவர் தரும் ஆட்ஆன் ஜிப்புக்குள் இ.எக்ஸ்.இ. ஃபைல் இருந்தால் தொடவே தொடாதீர்கள். ஆட்ஆன் என்பது லுவா என்ற நிரல் மொழியில் எழுதியது போன்ற எழுத்து ஃபைல்களும் சில படங்களும் ஒலிகளும்தான், அதற்கு இன்ஸ்டாலர் தேவையே இல்லை.

இன்னொன்று, நம்ம ஊர் மே மாதத்துக்காக. செட்டிங்ஸ் மாற்றிய உடனே டிஸ்க்கில் எழுதப்படுவதில்லை. லாக் அவுட் செய்யும்போதோ ரீலோட் கட்டளை கொடுக்கும்போதோதான் எழுதப்படும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லாம் சரிசெய்கிறீர்கள், கரண்ட் போகிறது, யு.பி.எஸ். இல்லை, அந்த இரண்டு மணி நேர வேலை அத்தனையும் போயிற்று. பெரிய மாற்றம் ஒன்று முடித்ததும் கேமின் சாட் பெட்டியில் சாய்கோடு போட்டு 'ரீலோட்' (/reload) என்று அடித்துவிடுங்கள். சில நொடிதான் ஆகும்.