நச்சுயிரி வளர்ப்பு: ஒரு சொல் விளக்கம்

கோழிக்குப் போடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியும் மாட்டுக்குப் போடும் கோமாரித் தடுப்பூசியும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் சிற்றூர்களில் அனைவரும் அறிந்தவை. நோய் தரும் வைரஸின் வலுக்குறைந்த வகையையோ, செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸையோ கொண்டு இம்மருந்துகள் ஆக்கப்படுவதால், முதலில் ஆய்வகத்தில் வைரஸைப் பேரளவில் உண்டாக்கியாக வேண்டும். அச்செயலை ஆய்வகத்தார் ‘வைரஸ் கல்ச்சர்’ என்கின்றனர். தமிழில் எழுதுவோர் ‘நச்சுயிரி வளர்ப்பு’ என்கின்றனர். இத்தொடரின் முதற்சொல் பொருத்தமானது. இரண்டாவது சொல்லை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

வைரஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு நஞ்சு என்றும் கொழகொழப்பான நீர் என்றும் பொருள். 1892இல் உருசிய அறிஞர் இவனோவ்சுகி, தேமல் நோய் கண்ட புகையிலையின் சாற்றைப் பாக்டீரியாக்கள் புக முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்த பின்னும் அச்சாறு நோயைப் பரப்பியதைக் கண்டார். 1898இல் நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க், இது உயிருள்ள திசுவில் மட்டுமே பெருகுகிறது என்று காட்டி, அதற்கு வைரஸ் என்னும் சொல்லை ஆண்டார். அதே ஆண்டில் ஜெர்மனியின் லோஃப்லரும் ஃபிராஷும் கோமாரி நோய்க்குக் காரணம் இத்தகைய வடிகட்டிக்குத் தப்பும் பொருளே என்று நிறுவினர். தமிழில் தீநுண்மி என்றும் எழுதுவதுண்டு. ஆயினும் மூலச்சொல்லின் பொருளை நேராகத் தருவது நச்சுயிரியே. இரும்பு என்பது இருப்புப்பாதையில் திரிவதைப் போல, நஞ்சு என்பது இங்கே நச்சு எனத் திரிந்து உயிரி என்பதோடு சேர்ந்தது.

வளர்ப்பு என்பது பாக்டீரியாவுக்குப் பொருந்தும். ஊட்டக்கூழில் இட்ட ஒரு பாக்டீரியா உணவை உண்டு பருத்து இரண்டாகப் பிளக்கிறது. நச்சுயிரி உண்பதில்லை, பருப்பதும் இல்லை. வெள்ளைக்கழிச்சல் நச்சுயிரியையே எடுத்துக்கொள்வோம். அதன் மேலுறையில் உள்ள ஒரு புரதம், கோழியின் செல்மேல் உள்ள சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரை வகைப் பொருளைப் பற்றிக்கொள்கிறது, மற்றொரு புரதம் நச்சுயிரியின் உறையையும் செல்லின் சவ்வையும் ஒன்றாக இணைக்கிறது, உள்ளிருந்த ஆர்.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் செல்லுக்குள் இறங்குகிறது. அதன்பின் அந்த ஆர்.என்.ஏ.வின் படிகள் எடுக்கப்படுகின்றன. செல்லின் ரைபோசோம்களே அதற்கு வேண்டிய புரதங்களைச் செய்து தருகின்றன. தனித்தனியே உருவான இப்பகுதிகள் சவ்வின் ஓரத்தில் ஒன்றுகூடி, அச்சவ்வின் ஒரு துண்டையே உறையாகப் போர்த்துக்கொண்டு புதிய நச்சுயிரிகளாக வெளியேறுகின்றன.

உட்புகுந்ததற்கும் புதியவை உருவாவதற்கும் இடையில் ஒரு மறைவுக் காலம் உண்டு. அப்போது செல்லை உடைத்துத் தேடினாலும் தொற்றக்கூடிய முழு நச்சுயிரி ஒன்றும் அகப்படாது. உள்ளே சென்றது கலைந்துபோயிருக்கும், வரவேண்டியவை இன்னும் கோக்கப்பட்டிரா. சிறிதாக இருந்து பெரிதாவதே வளர்ச்சி என்றால், இங்கே எந்தக் கட்டத்திலும் அது நிகழவில்லை. எண்ணிக்கை மட்டுமே கூடுகிறது. ஆகவே நச்சுயிரிப் பெருக்கம் என்பதே சரியான சொல்லாகும். ஒகேனக்கலில் ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கைக் காணும் நமக்கு இச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

நச்சுயிரியைப் பெருக்க உயிருள்ள செல் தேவை என்பதால், அதை எங்கே பெறுவது என்பது நெடுநாள் இடர்ப்பாடாக இருந்தது. 1931இல் அமெரிக்காவில் ஆலிஸ் உட்ரஃபும் எர்னஸ்ட் குட்பாஸ்ச்சரும் கோழியம்மை நச்சுயிரியைக் கருவுள்ள கோழிமுட்டையின் சவ்வில் பெருக்கிக் காட்டினர். நம் ஊர்ப் பேச்சில் சொல்வதானால் அது அடைமுட்டை. கோழிக்குஞ்சு பொரிய 21 நாள் ஆகும். வெள்ளைக்கழிச்சல் நச்சுயிரிக்கு ஒன்பது முதல் பதினொரு நாள் வரை அடையிருந்த முட்டையை எடுப்பர். வெளிச்சத்தில் பிடித்துக் கரு உயிரோடு இருப்பதை உறுதிசெய்து, ஓட்டில் சிறு துளையிட்டு, கருவைச் சூழ்ந்த நீர்ப்பைகளில் ஒன்றில் நச்சுயிரியைச் செலுத்தி, துளையை மெழுகால் அடைத்து மீண்டும் அடைகாப்பானில் வைப்பர். சில நாள் கழித்து முட்டையைக் குளிரவைத்து அந்நீரை எடுத்தால், அதில் நச்சுயிரி நிறைந்திருக்கும். இவ்வாறு முட்டைக்கு முட்டை மாற்றி மாற்றிச் செலுத்தியே, உத்தராகண்டின் முக்தேசுவரில் உள்ள கால்நடை ஆய்வகத்தில் இந்நோய்க்கான வலுக்குறைந்த தடுப்பூசி வகை ஒன்று உருவாக்கப்பட்டது.

அடுத்த வழி செல் வளர்ப்பு. திசுவை டிரிப்சின் நொதியால் தனித்தனிச் செல்களாகப் பிரித்து, ஊட்டநீர் உள்ள குடுவையில் இட்டால், அவை அடிப்பரப்பில் ஒட்டி ஓரடுக்காகப் படர்கின்றன. 1949இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் ஆகியோர் இளம்பிள்ளைவாத நச்சுயிரியை நரம்பல்லாத திசுவிலும் பெருக்க முடியும் என்று நிறுவி, 1954இல் நோபல் பரிசு பெற்றனர். கோமாரித் தடுப்பூசிக்கு இன்று பயன்படும் பி.எச்.கே.-21 என்னும் செல் வகை ஆம்ஸ்டர் என்னும் எலி போன்ற விலங்கின் குட்டியுடைய சிறுநீரகத்திலிருந்து வந்தது. இவ்விடத்தில் வளர்ப்பு என்னும் சொல் தன் முழுப்பொருளில் நிற்கிறது, ஏனெனில் குடுவையில் வளர்வது செல். ‘செல் வளர்ப்பில் நச்சுயிரியைப் பெருக்கினர்’ என்று எழுதினால் இரண்டு செயல்களும் தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

இடங்கொடுக்கும் செல்லைப் பாடநூல்களில் விருந்தோம்பி என்றும் ஓம்புயிர் என்றும் குறிக்கக் காண்கிறோம். ஓம்புதல் என்றால் பேணுதல், ஊட்டிக் காத்தல். விருந்து என்னும் சொல் மனமுவந்து வரவேற்பதை உணர்த்துவதால், ஓம்புயிர்ச் செல் என்பதையே நான் விரும்புகிறேன்.

பாலக்கோடு, இராயக்கோட்டைப் பகுதித் தக்காளி உழவர்கள் அஞ்சும் இலைச்சுருட்டை நோயும் நச்சுயிரியால் வருவதே. வெள்ளை ஈ பரப்பும் அதற்கு முட்டையோ விலங்குச் செல்லோ உதவாது. நோயுற்ற செடியின் சாற்றை ஈக்கள் உறிஞ்சவிட்டு, பின் வலைக்கூண்டில் உள்ள இளநாற்றுகளின்மேல் அவற்றை விட்டு, செடிக்குச் செடி மாற்றி ஆய்வாளர்கள் அதைத் தம்மிடம் வைத்திருக்கின்றனர். இங்கே அளவைக் கூட்டுவது நோக்கமன்று. அடுத்த ஆய்வு வரை அது அற்றுப்போகாமல் இருக்க வேண்டும். எனவே இச்செயலை நச்சுயிரிப் பேணல் எனத் தனியே குறிப்பது தகும்.