அரசுப் பள்ளியில் பிள்ளைகளின் நலமும் சமத்துவமும்: மதுரைப் பெற்றோர் கேட்டுப் பெற வேண்டியவை

மதுரையின் மாநகராட்சிப் பள்ளி வகுப்பறைகளில், வீட்டில் சௌராஷ்டிரமோ உருதோ தெலுங்கோ பேசும் பிள்ளைகளும், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறார்கள். புறநகரிலும் கிராமங்களிலும் உச்சப்பட்டி, திருவாதவூர் மறுவாழ்வு முகாம்களில் வளரும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளும், சக்கிமங்கலம் நரிக்குறவர் குடியிருப்புப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவர்கள் அனைவரும் மனக்காயமின்றி ஒன்றாகப் படிப்பதற்குச் சட்டமும் அரசுத் திட்டங்களும் வழி செய்திருக்கின்றன. ஆனால் பல பெற்றோர் இவற்றைத் தலைமையாசிரியரின் தயவாகவே எண்ணிக்கொண்டு கேட்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் போக வேண்டும் என்பதற்காகவே இந்த விளக்கம்.

முதலில் சேர்க்கை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. பிறப்புச் சான்று இல்லை என்பதற்காகவோ, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகவோ பிள்ளையைத் திருப்பி அனுப்ப அச்சட்டம் இடம் தரவில்லை. செங்கல் சூளை வேலை முடிந்து ஆண்டின் நடுவில் ஊர் மாறும் குடும்பமானாலும் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். பத்து வயதுப் பிள்ளை பள்ளிக்கே போனதில்லை என்றால், அவரை ஒன்றாம் வகுப்பில் சிறுபிள்ளைகளோடு உட்கார வைக்காமல், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. பெரிய பிள்ளைகள் கூச்சப்பட்டே படிப்பை விடுகிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பிரிவின் அருமை புரியும்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான் தொடங்கியது. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் எனப் பள்ளி நாள்களில் சூடான உணவு கிடைக்கிறது. பசியைப் போக்குவதோடு, எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஒரே பாத்திரத்து உணவைச் சாப்பிடுவதும் இத்திட்டத்தின் பயன்தான். சமைப்பவர் இன்ன சாதி என்று சொல்லி உணவை மறுப்பதோ, அவரை மாற்றக் கோருவதோ தீண்டாமை ஆகும். அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை எந்த வடிவிலும் தடை செய்கிறது. அத்தகைய கோரிக்கைக்குப் பள்ளி எந்த நிலையிலும் பணியக் கூடாது.

2024 நவம்பர் 14 அன்று அரசுப் பள்ளிகளுக்கு அறிமுகமான 'மகிழ் முற்றம்' பற்றிப் பெற்றோரில் பலருக்கு இன்னும் தெரியவில்லை. பள்ளியின் மாணவர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே குழுவில் இருப்பார்கள். குழுவுக்கு மாணவர் தலைவர்களும் பொறுப்பாசிரியர்களும் உண்டு. ஒரு தெருவிலிருந்து வரும் பிள்ளைகள் பள்ளியிலும் ஒன்றாகவே நிற்பதும், ஒன்றாகவே சாப்பிடுவதும், ஒன்றாகவே சண்டைக்குப் போவதும் நம் ஊர்ப் பள்ளிகளில் பழகிப்போன விஷயம். உசிலம்பட்டிப் பக்கமானாலும் மேலூர்ப் பக்கமானாலும், தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடுகிறது. அந்தப் பிள்ளைகளைக் கலந்து நிறுத்தி, முல்லைக்காக ஓடவும் மருதத்துக்காகப் பேசவும் வைக்கும்போது, பிறப்பால் வராத ஓர் அடையாளம் அவர்களுக்குக் கிடைக்கிறது. எனவே குழு பிரிக்கும் முறைதான் இதில் முக்கியம். நண்பர்கள் சேர்ந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டால் பழைய தெருவே புதுப் பெயரோடு திரும்பி வந்துவிடும். உங்கள் பிள்ளை எந்தக் குழுவில் இருக்கிறார், அக்குழு எப்படி அமைக்கப்பட்டது என்பதைப் பள்ளியில் கேளுங்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சாதிக் கொடுமைக்குப் பின், ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடுக்க வேண்டும், மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி அமர்த்த வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை பற்றிய தகவலை வகுப்பில் அறிவிக்காமல் தனியே தெரிவிக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. "ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க எந்திரிங்க" என்று ஆசிரியர் கூப்பிடும்போது எழுந்து நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் கடைசிப் பரிந்துரையைச் சிறியது என்று சொல்ல மாட்டார்கள். இதைச் செய்யப் பணமோ புதுக் கட்டடமோ தேவையில்லை. தலைமையாசிரியர் நினைத்தால் நாளைக்கே செய்யலாம்.

இனி மனநலம். அடிப்பது மட்டுமன்றி, இழிவாகப் பேசுவது முதலான மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறும் ஆசிரியர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம். அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற பெயரில் ஒரு பெட்டி வைக்கப்பட்டுள்ளது. நேரில் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் எழுதிப் போடுவதற்கான பெட்டி இது. இதைத் தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிவிட்டால், நோட்டில் கிழித்த தாளை நான்காக மடித்துக் கையில் வைத்திருக்கும் எட்டாம் வகுப்புப் பெண், ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பார்த்துக் கடைசியில் தாளைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். மாடிப்படித் திருப்பம், குடிநீர்க் குழாயருகே என எல்லாப் பிள்ளைகளும் இயல்பாக நடமாடும் இடத்தில் அது இருக்க வேண்டும்.

பெட்டியில் போடவும் தயங்குபவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணை அழைக்கலாம். சிறார் உதவி எண் 1098. மனச்சோர்வு, தூக்கமின்மை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் போன்றவற்றுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம், கட்டணம் இல்லை. பாலியல் தொந்தரவு என்றால் அதைப் பள்ளிக்குள் பேசி முடிக்க யாருக்கும் உரிமை இல்லை. அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். மறைப்பவருக்குத் தண்டனை உண்டு.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் துணையாக இருக்கிறது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்கள் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, தாங்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கலாம். பள்ளிக்கு வரவே இயலாதவர்களுக்குச் சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து பயிற்சி தருவதும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உண்டு. வட்டார வள மையத்தில் கேட்க வேண்டும். பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், அதைத் தேர்வு நெருங்கும்வரை தள்ளிப்போடாமல் பள்ளி திறந்ததுமே தொடங்குவது நல்லது.

இவற்றையெல்லாம் கேட்பதற்குரிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். வடமாநிலத் தொழிலாளரின் மனைவியோ, முகாமில் வாழும் தாயோ அந்தக் குழுவில் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை குழு அமையும்போது அவர்களை அழைத்துச் செல்லுங்கள். கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல், பெட்டியின் இடம், மகிழ் முற்றக் குழு, சிறப்பாசிரியர் வருகை என எதுவானாலும் தீர்மானமாக எழுதி, கையெழுத்திட்டு, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் அசைவில்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் ஆகியோரிடமும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். பிள்ளையின் கல்வி உரிமை பற்றிய எழுத்துப்பூர்வப் புகாரை உள்ளாட்சி அமைப்பிடம் அளித்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி அது 3 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவில் நிறைவில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். மனு கொடுத்த நாளிலேயே ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டால்தான் அந்த 3 மாதம் எப்போது முடிகிறது என்று காட்ட முடியும்.