சினைக் குதிரையில் சவாரி போகலாமா?

“பெட்டைக் குதிரை சினையாகி ஒரு மாதம் ஆகிறது. தொடர்ந்து ஓட்டலாமா, அப்படியே நிறுத்திவிட வேண்டுமா? குலுங்கினால் கரு கலைந்துவிடும் என்கிறார்களே?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முதல் கேள்விக்குப் பதில் சின்னது. ஆரோக்கியமான குதிரை, ஏற்கெனவே வேலைக்குப் பழகிய உடம்பு என்றால் தாராளமாக ஓட்டலாம். இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. குலுங்கலுக்குப் பயப்படுகிறவர்கள், அந்தக் கரு முதல் இரண்டு வாரத்தில் கருப்பைக்குள் என்ன பாடு படுகிறது என்று தெரிந்தால் அசந்துபோவார்கள்.

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். குதிரையின் சினைக்காலம் சுமார் 340 நாள். 320 நாளிலும் ஈனும், 365 நாளிலும் ஈனும், இரண்டுமே இயல்புதான். பிறக்கும் குட்டி தாயின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருக்கும். 500 கிலோ குதிரைக்கு 50 கிலோ குட்டி. இந்த எடையில் பாதிக்கும் மேல் கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறுகிறது. அதனால் முதல் பாதியில் வயிற்றைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஸ்கேன் செய்தால்தான் தெரியும்.

சரி, கருவுக்கு வருவோம். விந்தும் முட்டையும் சேர்வது கருமுட்டைக் குழாயில். இது எல்லாப் பாலூட்டிகளுக்கும் பொது. குதிரையின் தனி வழி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கருத்தரிக்காத முட்டைகளைக் குதிரை பெரும்பாலும் கருப்பைக்குள் விடுவதே இல்லை. அவை குழாயிலேயே தங்கி, மாதக்கணக்கில் கிடந்து சிதைந்துபோகும். கருத்தரித்த முட்டை மட்டும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற பொருளைச் சுரக்கிறது. அது பட்டதும் குழாயின் தசை தளர்ந்து வழிவிடுகிறது. ஏறக்குறைய ஆறாம் நாளில் கரு கருப்பைக்குள் வந்து சேர்கிறது. முன்பே வந்து கிடக்கும் பழைய முட்டைகளைத் தாண்டிக்கொண்டு புதிய கரு போவதும் உண்டு.

உள்ளே வந்ததும் கருவைச் சுற்றி ஒரு மெல்லிய, ஆனால் உறுதியான உறை உருவாகிறது. கரு உருண்டையாக, நீர் நிரம்பிய ஒரு பந்தாக இருக்கிறது. இப்போது அது எங்காவது ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஒட்டுவதில்லை. சுற்றக் கிளம்பிவிடுகிறது.

குதிரையின் கருப்பை ஏறக்குறைய ஒய் வடிவம்: ஒரு உடல், இரண்டு கொம்புகள். இந்தப் பந்து வலக் கொம்பின் நுனிக்குப் போகிறது, திரும்பி உடற்பகுதிக்கு வருகிறது, அப்புறம் இடக் கொம்புக்குள் நுழைகிறது. ஒரே நாளில் பலமுறை இப்படி நடக்கிறது. தானாக நீந்துவதற்கு அதற்குத் துடுப்பும் இல்லை, வாலும் இல்லை. கருப்பைச் சுவரின் தசைகள் சுருங்கிச் சுருங்கி அதைத் தள்ளுகின்றன. தள்ளச் சொல்லித் தூண்டுவதும் கருவே. 1980களில் ஸ்கேன் கருவி குதிரைத் தொழுவத்துக்குள் வந்த பிறகுதான் இது கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்கேன் திரையில் அதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். ஒரு சிறிய கருவட்டம் தெரியும். சில நிமிடம் கழித்து அதே இடத்தில் பார்த்தால் இருக்காது. ஆய்வுக் கருவியைக் கொம்பு வழியாக மெல்ல நகர்த்தித் தேட வேண்டியிருக்கும்.

எதற்கு இந்த அலைச்சல்? கரு உள்ளே இருப்பது தாயின் உடம்புக்கு இன்னும் தெரியாது. கரு எதுவும் இல்லை என்றால், ஏறக்குறைய 14ஆம் நாளில் கருப்பையின் உட்படலம் வேறொரு புரோஸ்டாகிளாண்டினை வெளியிடும். அது சினைப்பையில் இருக்கும் மஞ்சள் உடலத்தை அழிக்கும். மஞ்சள் உடலம் போனால் அது சுரக்கும், சினையைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனும் போச்சு, சினை நிற்காது, குதிரை மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். ஆக, அந்த நாளுக்குள் “நான் இருக்கிறேன்” என்று கருப்பையின் மொத்த உட்பரப்புக்கும் சொல்லியாக வேண்டும். பசு, ஆடு, பன்றியின் கருக்கள் இதே வேலையை உடம்பை நூலாக நீட்டிப் படர்ந்து செய்கின்றன. குதிரைக்கரு நீளாது. உருண்டையாகவே இருக்கும். அதனால் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கும் தேர்தல் வேட்பாளரைப் போல அது நேரிலேயே போய்ச் சொல்கிறது.

இது வெறும் ஊகமில்லை. 1988இல் வெளியான ஓர் ஆய்வில், கருப்பையின் ஒரு பகுதியைக் கட்டி, கருவைச் சிறிய இடத்துக்குள்ளேயே அடைத்து வைத்துப் பார்த்தார்கள். சினை நிற்கவில்லை. ஊர் முழுக்கச் சுற்றினால்தான் சினை.

கரு அப்படி என்னதான் சொல்கிறது? பசுவில் அந்தச் செய்தி இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதம். பன்றியில் ஈஸ்ட்ரோஜன். குதிரையில் அது என்னவென்று இன்றுவரை யாரும் உறுதியாகக் கண்டுபிடிக்கவில்லை. கருவின் தொடுகையே செய்தியாக இருக்குமோ என்ற சந்தேகமும் உண்டு. போட்டிக் குதிரைகள் பருவத்துக்கு வராமலிருக்கக் கருப்பைக்குள் கோலிக்குண்டு போலக் கண்ணாடி உருண்டையைப் போட்டுவைக்கும் வழக்கம் இருந்தது. சில குதிரைகளில் அது வேலையும் செய்தது, பலவற்றில் செய்யவில்லை. உருண்டை உள்ளே உடைந்த சம்பவங்களும் உண்டு என்பதால் இப்போது மருத்துவர்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை. என் சொந்தக் கருத்து ஒன்று: குதிரைத் தொழிலில் புரளும் பணத்தில் பெரும்பங்கு எந்தப் பொலிகுதிரையோடு சேர்த்தால் வேகமான குட்டி கிடைக்கும் என்பதிலேயே போகிறது. இந்த மாதிரி அடிப்படைக் கேள்விகளுக்குச் சில்லறைதான் மிஞ்சுகிறது. சவாரி பற்றிய ஆய்வுகள் குறைவாகவும் சிறியதாகவும் இருப்பதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சுமார் 16ஆம் நாளில் ஓட்டம் நிற்கிறது. அதற்குள் பந்து இரண்டு செண்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்திருக்கும், கருப்பைச் சுவரும் இறுகியிருக்கும். ஒரு கொம்பின் அடிவளைவில் அது சிக்கிக்கொள்கிறது. இரட்டைக் கரு இருந்தால் அதற்கு முன்பே கண்டுபிடித்து, இரண்டையும் விலக்கி, ஒன்றைக் கால்நடை மருத்துவர் நசுக்கிவிடுவார். கேட்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் குதிரைக்கு இரட்டை பெரும்பாலும் இரண்டும் போவதில்தான் முடியும். 14ஆம் நாள் வாக்கில் ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது குலுங்கலை யோசித்துப் பாருங்கள். தாயின் கருப்பையே பிசைந்து பிசைந்து தள்ளும் ஒரு கருவை, முதுகில் உட்கார்ந்து ட்ராட் எனும் துள்ளோட்டம் போகிறவர் என்ன செய்துவிடப் போகிறார்? வழக்கமான சவாரியின் குலுங்கல் ஆரோக்கியமான சினையைக் கலைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. 120 நாள் வரை சினைக் குதிரைகள் பந்தயத்தில் ஓட பிரிட்டனின் விதிகளே அனுமதிக்கின்றன.

நான் பயப்படுவது சூட்டுக்கு. தசை வேலை செய்யும்போது செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால்வாசி வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. குதிரைக்குத் தசை அதிகம், அந்த உடம்பின் பருமனுக்குத் தோல்பரப்பு குறைவு. ஓய்வில் 38 டிகிரி செல்சியஸ் சுற்றி இருக்கும் உடல்வெப்பம், புழுக்கமான நாளில் அரைமணி நேர வேலையிலேயே 40ஐ நெருங்கிவிடும். டெக்சாஸில் நடந்த ஓர் ஆய்வில், வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்த நாட்களில் தினமும் வேலை கொடுத்த குதிரைகளின் கருப்பையிலிருந்து கழுவி எடுக்க முடிந்த கருக்களின் விகிதம், சும்மா இருந்த குதிரைகளைவிடத் தெளிவாகக் குறைந்தது. அந்தக் குதிரைகள் தாங்க முடியாத வேலை எதுவும் செய்யவில்லை. சாதாரணப் பயிற்சிதான்.

அதனால் இணைசேர்த்த முதல் இரண்டு மாதம் விடியற்காலையில் ஓட்டுங்கள், குறுகிய நேரம் ஓட்டுங்கள், இறங்கியதும் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிர்வியுங்கள். நீண்ட தூர லாரிப் பயணம், புதுக் கூட்டத்தில் கொண்டுபோய் விடுவது, காய்ச்சல் இவற்றையும் தவிர்க்கப் பாருங்கள். இதுவரை தாண்டிப் பழகாத குதிரைக்குத் தடைதாண்டல் கற்றுக்கொடுக்க இது நேரமில்லை.

மூன்றாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை நிம்மதியான காலம். பழகிய வேலையைத் தொடரலாம். அப்போது பெட்டைகள் அமைதியாக, சில சமயம் முன்னைவிட நன்றாகவும் ஓடும் என்று பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு. பருவச் சுழற்சி நின்றுவிடுவதால் குணம் நிலையாக இருக்கும் என்பதை நம்பலாம். அதற்காகவே சினையாக்கி ஓட்டுவது எனக்குப் பிடிக்காத காரியம்.

எட்டாம் மாதத்தை நெருங்கும்போது சேணத்தை எடுத்து வைத்துவிடுங்கள். வயிற்றுப்பட்டை ஏறவில்லை என்பது மட்டும் காரணமில்லை. வளரும் குட்டி உதரவிதானத்தை முன்னே தள்ளுவதால் மூச்சை முழுதாக இழுக்க இடமில்லாமல் போகிறது. முதுகின் வடிவம் மாறிச் சேணம் சரியாக உட்காராது. கடைசி வாரங்களில் இடுப்பு நாண்கள் தளர்வதால் சிறு வட்டத்தில் சுற்ற வைப்பதும் கூடாது.

அதற்காகத் தொழுவத்தில் கட்டிப்போடவும் வேண்டாம். சினைக்கு ஓய்வு என்று நினைத்துக் கட்டி வைக்கிறவர்கள்தான் வயிற்றடியில் நீர் கோத்து வீங்கியதும் பதறுகிறார்கள். நாள் முழுக்க மேய்ச்சல் வெளியில் தானாக நடக்க விட்டால் பெரும்பாலும் அந்த வீக்கம் வடியும். இடம் இல்லையென்றால் கயிற்றில் பிடித்து மெல்ல நடத்துங்கள். ஈனுவதற்கு வெகுநாள் முன்பே மடி பெருத்துப் பால் சொட்டினாலோ, பின்புறத்தில் கசிவு தெரிந்தாலோ, தரையில் புரண்டு வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ நடையையும் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஈன்ற பிறகு எப்போது ஏறலாம் என்பதும் அந்த வாசகரின் கடிதத்தில் இருக்கிறது. ஒரு குதிரை தினமும் தன் எடையில் 2 முதல் 3 சதவீதம் வரை பால் சுரக்கும். 500 கிலோ குதிரைக்கு 10 முதல் 15 லிட்டர். அதுவே பெரிய வேலை. முதல் வாரங்களில் குட்டியோடு திறந்த வெளியில் சுற்ற விட்டாலே போதும். பிரசவம் சிக்கலில்லாமல் நடந்து, மருத்துவர் பரிசோதித்துச் சரி என்று சொன்ன பிறகு மெல்ல லேசான சவாரியைத் தொடங்கலாம். தீவனத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். குட்டி அழைக்கும்போது தாயின் கவனம் உங்கள் கடிவாளத்தில் இருக்காது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.