வாலையில் குறையா, பூவில் குறையா? வீட்டில் பன்னீர் வடிக்கத் தொடங்குவோருக்குச் சில எச்சரிக்கைகள்

கத்திரி வெயில் நாளொன்றில், நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி தாம் வீட்டில் வடித்த பன்னீரை ஒரு லிட்டர் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு மதுரையிலுள்ள என் ஆய்வகத்துக்கு வந்தார். மூடியைத் திறந்ததும் முதலில் புளித்த மாவின் நெடி வந்தது, அடுத்து வெந்த கீரையின் நெடி வந்தது, ரோஜா கடைசியில்தான் வந்தது. கடன் வாங்கி வாங்கிய எஃகு வாலை, அதாவது வடிக்கும் பாத்திரம், மோசமானது என்றும், அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு என்னிடமிருந்து ஓர் எழுத்துச் சான்று வேண்டும் என்றும் அவர் கேட்டார். மறுநாள் வாலையைக் கொண்டுவரச் செய்து பிரித்துப் பார்த்தேன். பற்றுவைப்பு, மூடி, சுருள் குழாய் எல்லாமே ஒழுங்காக இருந்தன. மணப்பொருள் வடிப்பதில் பயிற்சி அளித்துவரும் இத்தனை ஆண்டுகளில் என்னிடம் வந்த புகார்களில் பெரும்பான்மை இப்படித்தான் முடிந்திருக்கின்றன. பழி பாத்திரத்தின் மேல் விழுகிறது, பிழையோ பூ பாத்திரத்துக்குள் போவதற்கு முந்தைய சில மணி நேரத்திலும், குழாயைச் சுற்றியுள்ள தண்ணீரிலும் இருக்கிறது.

வாலை என்பது நமக்குப் புதிய கருவி அன்று. சித்த மருத்துவத்தில் தீநீர் (வடித்தெடுக்கும் மருந்துநீர்) இறக்குவதற்கு வாலை இயந்திரம் உண்டு. குழந்தைக்கு வயிறு உப்பினால் பாட்டிமார் கொடுக்கும் ஓமத் தீநீர் அவ்வழியில் வந்ததுதான். அடியில் கொதிகலம், அதன் மேல் மூடி, மூடியிலிருந்து புறப்படும் குழாய், அந்தக் குழாயைக் குளிர்விக்கும் தண்ணீர், கடைசியில் ஏந்துகலம்: இவ்வளவுதான் கருவி. இவ்வளவு எளிய கருவியாக இருப்பதாலேயே, எதையும் கவனிக்க வேண்டியதில்லை என்ற எண்ணமும் வந்துவிடுகிறது.

அந்தப் பெண்மணியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, பூ எப்போது பறித்தது என்பது. விடியுமுன் பறித்த பன்னீர் ரோஜா சந்தைக்கு வந்து, நல்ல விலைக்குப் போனது போக மீதி மலிவான பிறகு, முற்பகல் பதினோரு மணிக்கு இவர் வாங்கியிருக்கிறார். சாக்கில் அமுக்கிக் கட்டி, இருசக்கர வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலையும் பிள்ளைகளையும் கவனித்துவிட்டு மாலை ஐந்து மணிக்கு அடுப்பேற்றியிருக்கிறார். பூ வியாபாரிகளிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: பூ அவிந்துபோய்விட்டது. பறித்த பூவும் மூச்சு விடுகிறது. மூச்சு விடுவதால் வெப்பம் பிறக்கிறது. காற்றோட்டம் இல்லாத சாக்குக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் சேர்கிறது. இதழ்கள் கசங்கிச் சாறு விட்டதும், அவற்றின் மேல் இயல்பாகவே குடியிருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அந்தச் சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று பெருகத் தொடங்குகின்றன. அது நொதித்தலேதான், நாம் கேட்காமலே நடக்கிற நொதித்தல். மணத்துக்குரிய எண்ணெய் குறைகிறது, அதன் இடத்தில் சாராயமும் புளிப்பு அமிலங்களும் சேர்கின்றன.

இந்த இடத்தில்தான் தொடங்குவோர் பலரிடமும் ஒரு தவறான நம்பிக்கையைக் காண்கிறேன்: எதுவானாலும் நெருப்பில் வைத்து வடித்துவிட்டால் சுத்தமாகிவிடும் என்பது. உப்பும் மண்ணும் நீராவியோடு ஏறாமல் கலத்திலேயே தங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் புளித்த நெடியைத் தரும் பொருள்கள் ஆவியாகக்கூடியவை. ஆகவே அவை ரோஜா மணத்தோடு கைகோத்துக்கொண்டு ஏந்துகலத்துக்கு வந்து சேரும். அவிந்த பூவை எந்த வாலையும் மீட்டுத் தராது. சாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் அந்தப் பூ உரக்குழிக்குத்தான். வாங்கியதும் கூடையில் தளர்வாகப் போட்டு வந்து, நிழலில் வெள்ளைத் துணி விரித்து இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, பறித்த நான்கைந்து மணி நேரத்துக்குள் அடுப்பேற்றிவிட வேண்டும். பூ வாடக் கூடாதென்று தண்ணீர் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். மாலை கட்டுவதற்கு அது சரி, குவித்து வைக்கும் பூவுக்கு அது நொதித்தலைத் தூண்டும் வேலை.

எல்லாச் சரக்குக்கும் இதே அவசரம் தேவையில்லை. எலுமிச்சம்புல்லை அறுத்து ஒரு நாள் நிழலில் வாட விட்டால் ஈரம் குறைந்து கலத்தில் கூடுதலாகப் பிடிக்கும். வெட்டிவேர் உலர்ந்தே வருவதால், நறுக்கி ஓர் இரவு ஊற வைப்பது வழக்கம். ஆனால் மே மாதத்து மதுரை வெப்பத்தில் இரண்டாம் நாளும் ஊறினால் அந்தத் தண்ணீர் நுரைத்துப் புளித்துவிடுகிறது.

அடுத்தது வெந்த கீரை நெடி. இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கலத்தின் அடியில் இதழ் ஒட்டித் தீய்வது. எலுமிச்சம்புல், வெட்டிவேர் ஆகியவற்றை இட்லித் தட்டுப் போன்ற ஒரு துளைத் தட்டின் மேல் வைத்து, அடியிலுள்ள தண்ணீரின் ஆவியை மட்டும் அவற்றினூடே ஏற்றுவது நல்லது. ரோஜா இதழ் அப்படி ஆவி பட்டால் களிபோல் ஒட்டிக்கொள்ளும். நீராவி ஊடே போகாமல் ஓரமாகவே போய்விடும். ஆகவே ரோஜாவைத் தண்ணீரிலேயே மிதக்க விட வேண்டும்: ஒரு கிலோ பூவுக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர், கலத்தில் மூன்றில் ஒரு பங்கு காலியிடம், மெல்லிய கொதி. ஒரு கிலோ பூவிலிருந்து ஒரு லிட்டர் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் அரை லிட்டர் கிடைக்குமே என்ற ஆசையில் தொடர்ந்தால் பின்னால் வருவதெல்லாம் கீரைத் தண்ணீர்தான்.

இரண்டாவது காரணம் குளிர்விப்பு. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கருவி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கான நீராவி மீண்டும் நீராவதற்குச் சுமார் 540 கிலோகலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த நீர் 100 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஆறும்போது இன்னுமொரு 60. ஆக 600 கிலோகலோரியைக் குளிர்நீர் சுமந்து செல்ல வேண்டும். 30 பாகையில் நுழைந்து 50 பாகையில் வெளியேறும் தண்ணீர் என்றால், வடியும் ஒவ்வொரு லிட்டருக்கும் 30 லிட்டர் தேவை. நண்பகலில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து 40 பாகையில் வரும் தண்ணீர் என்றால், அதே வேலைக்கு 60 லிட்டர். 2000 வாட் மின்னடுப்பு, வீணாகும் வெப்பம் போக, மணிக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் வடிக்கும்.

இப்போது பலரும் செய்வதைப் பாருங்கள்: 20 லிட்டர் வாளியில் மீன் தொட்டி மோட்டாரைப் போட்டு அதே தண்ணீரைச் சுற்றி ஓடவிடுகிறார்கள். மேற்படிக் கணக்கில் அந்த வாளி அரை மணி நேரத்தில் 30 பாகை சூடேறிவிடும். அதன் பிறகு குழாய் முனையில் நீரோடு ஆவியும் சேர்ந்து வெளியேறும். வீடெல்லாம் ரோஜா மணக்கிறதென்று அக்கம்பக்கத்தார் பாராட்டினால், உங்கள் பன்னீர் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது, ஏந்துகலத்தில் கீரை நெடிதான் மிஞ்சுகிறது என்று பொருள். குளிர்பதனப் பெட்டியில் உறைய வைத்த இரண்டு பாட்டில்களை வாளியில் போடுவது கண்ணுக்கு நிறைவு தரலாம், கணக்குக்குப் போதாது. மணிக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் பனிக்கட்டி வேண்டியிருக்கும். 200 லிட்டர் டிரம் ஒன்றை நிழலில் வைத்து, இரவில் நிரப்பி, விடியற்காலையில் வேலையைத் தொடங்குவதே நான் கண்ட எளிய வழி. மணிக்கு ஆறு பாகைதான் ஏறும், மூன்று மணி நேர வேலைக்கு அது போதும். மாலையில் ஆறிய தண்ணீர் செடிக்குப் போகும். குளிர்நீர் குளிர்கலத்தின் அடியில் நுழைந்து மேலே வெளியேற வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தலைகீழாக இணைத்துவிட்டு வாலையைத் திட்டியவர்கள் உண்டு.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. நாளாக ஆகக் குழாயின் வெளிப்புறம் வெள்ளைப் படிவு ஏறி, வெப்பம் கடத்துவது குறையும். மாதம் ஒரு முறை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த நீரில் ஊற வைத்துக் கழுவினால் போதும்.

கருவியின் உலோகத்தைப் பற்றிச் சொல்லும்போது நம் மொழியிலுள்ள ஒரு சொற்சிக்கலையும் சொல்லியாக வேண்டும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் ஈயம், பழைய வண்டி ரேடியேட்டரை ஒட்ட வைக்கும் பற்றும் ஈயம். முன்னது வெள்ளீயம்; பின்னதில் காரீயம் கலந்திருக்கிறது, அது நஞ்சு. பணி ஓய்வு பெற்ற ஒருவர் செப்புச் சுருளை மெக்கானிக் கடையில் பற்றுவைத்துக் கொண்டுவந்து, ‘ஈயம்தானே சார், பாத்திரத்துக்குப் பூசுவதுதானே’ என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பூவிலிருந்து வரும் நீர் இலேசான அமிலத்தன்மை உடையது. காரீயப் பற்றின் வழியே சொட்டிச் சொட்டி வரும்போது அது கரைத்துக்கொண்டே வரும், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. 304 தர எஃகு தொடங்குவோருக்குப் போதுமானது. செம்பு நல்லதுதான், களிம்பு பிடிக்காமல் ஒவ்வொரு முறையும் புளி போட்டுத் துலக்கும் பொறுமை இருந்தால். ரப்பர் குழாய் வேண்டவே வேண்டாம். எலுமிச்சம்புல் எண்ணெய் ரப்பரைக் கரைத்துச் சைக்கிள் டியூப் வாசனையைக் கொடுக்கும். மூடி இடுக்கில் ஆவி கசிந்தால் கோதுமை மாவைப் பிசைந்து அப்பினாலே போதும். சித்த மருந்துகளில் சீலைமண் (மண் குழைத்துத் தடவிய துணி) பூசுவதும் இதே நோக்கம்தான்.

குக்கரை வாலையாக்குவது பற்றி நான் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. திருமங்கலம் பக்கத்து இளைஞர் ஒருவர் காணொலி பார்த்து, குக்கரின் வெயிட்டை எடுத்துவிட்டு அந்த முனையில் குழாயைச் செருகியிருந்தார். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்த ஓட்டையில் ஊதிப் பருத்த இதழ் ஒன்று அடைத்துக்கொண்டது. பாதுகாப்பு வால்வு உருகித் திறந்ததால் குக்கர் வெடிக்கவில்லை. கொதிநீர் கூரை வரை பாய்ந்ததில் முன்கை வெந்ததோடு தப்பினார். வாலையில் எந்த நொடியிலும் அழுத்தம் சேரக் கூடாது. கலத்திலிருந்து ஏந்துகலம் வரை வழி திறந்தே இருக்க வேண்டும். குழாயின் உள்விட்டம் ஒரு விரலாவது நுழையும் அளவு இருக்கட்டும். அடுப்பு மூட்டுமுன் குழாய் முனையில் வாயை வைத்து ஊதிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்றும் உண்டு.

மல்லிகையைப் பற்றி ஒவ்வொரு வகுப்பிலும் கேட்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி வீட்டு வாசலிலேயே விளையும்போது அதை வடிக்காமல் எப்படி என்ற ஆர்வம் புரிகிறது. ஆனால் மல்லிகையின் மணம் நீராவியின் சூட்டைத் தாங்காது. வேகவைத்த மொட்டின் வாசனைதான் வரும். ஆலைகளில் அதை ஹெக்சேன் போன்ற கரைப்பானில் கரைத்தே எடுக்கிறார்கள். எளிதில் தீப்பற்றும் ஹெக்சேனுக்கு வீட்டுச் சமையலறையில் இடமில்லை. எள்ளின் மேல் பூவை அடுக்கடுக்காகப் பரப்பி, பூவை மாற்றி மாற்றி, மணம் ஏறிய எள்ளை ஆட்டியெடுப்பது பழைய முறை. வீட்டில் செய்ய அதுவே தகும்.

இன்னொன்று, இது சட்டத்தைத் தொடுவது. பூவோடு வெல்லமும் ஈஸ்ட்டும் போட்டு இரண்டு நாள் புளிக்கவிட்டு வடித்தால் மணம் கூடும் என்று ஒரு யோசனை பரவுகிறது. அதற்குப் பெயர் ஊறல். 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமமின்றி மது வடிப்பது மட்டுமல்ல, அதற்கான சரக்கையும் கருவியையும் வைத்திருப்பதும் குற்றம். முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் மெத்தனால் போய்விடும் என்று இதற்குச் சமாதானம் சொல்பவர்களும் உண்டு. மெத்தனாலின் கொதிநிலை 64.7 பாகை, எத்தனாலுடையது 78.4 பாகை என்பதை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். தண்ணீரோடு கலந்த நிலையில் வீட்டு வாலையில் அவை அப்படிக் கோடு போட்டுப் பிரிவதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் மாண்டது மெத்தனால் கலந்த சாராயத்தால். அது தற்செயலாகப் புளித்த பூவில் பிறந்த நஞ்சு அன்று என்றாலும், மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும் விதத்தை அறிந்தவர் எவரும் இந்த விளையாட்டில் இறங்க மாட்டார்.

வடித்து முடித்த பிறகு நேரும் பிழைகள் இரண்டு. அடுப்பை அணைத்ததும் கலம் ஆறி உள்ளே வெற்றிடம் உண்டாகும். குழாய் முனை ஏந்துகலத்து நீரில் மூழ்கியிருந்தால், மூன்று மணி நேரம் வடித்ததை அது ஒரே மடக்கில் திரும்ப உறிஞ்சிவிடும். முனை எப்போதும் நீருக்கு மேலே நிற்க வேண்டும். மற்றது பாட்டில். பன்னீரில் பதப்பொருள் எதுவும் இல்லை; கொதிநீரில் அவித்து உலர்த்தாத பாட்டிலில் அடைத்தால் சில வாரங்களில் நூல் நூலாகப் பூஞ்சை மிதக்கும். கண் எரிச்சலுக்குப் பன்னீர் விடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. வீட்டில் வடித்தது கண்ணுக்கான நுண்ணுயிர் நீக்கிய மருந்து அன்று. அதைக் கண்ணில் விடாதீர்கள், விற்பவராக இருந்தால் அதைச் சீட்டில் தமிழிலேயே அச்சிடுங்கள்.

நிலக்கோட்டைப் பெண்மணிக்கு நான் சான்று எழுதித் தரவில்லை. பூ போடாமல் வெறும் தண்ணீரை மட்டும் ஒரு முறை வடித்து, அந்த நீரை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். புது வாலையின் எண்ணெய்ப் பிசுக்கு, குழாயின் வாசனை, கசியும் இடம், குளிர்நீரின் போதாமை எல்லாம் அந்த ஒரு வடிப்பில், ஒரு பூக்கூடைச் செலவும் இல்லாமல், தெரிந்துவிடும். அவருடைய வெறுந்தண்ணீர் எந்த வாசனையும் இல்லாமல் வடிந்தது. மறு வாரம் விடியற்காலைப் பூவை வாங்கி, ஏழு மணிக்கு அடுப்பேற்றி, வடித்த பன்னீரைக் கொடுத்தனுப்பியிருந்தார். முதலில் ரோஜா வந்தது, கீரையின் நெடி இன்னும் இலேசாகக் கடைசியில் இருந்தது. கொதியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.