சைவம் என்ற சொல்லும் புலால் மறுத்தலும்

சைவம் என்ற சொல்லுக்கு அகராதியில் முதலில் நிற்கும் பொருள் சமயம். சிவ என்பது வடமொழி முறைப்படி முதலெழுத்துத் திரிந்து சைவ ஆயிற்று. விஷ்ணுவிலிருந்து வைஷ்ணவம் வந்ததும் இதே வழியில்தான். சிவனைச் சார்ந்தது, சிவனை வழிபடும் நெறி என்பதே அதன் நேர்ப்பொருள். புலால் சேராத உணவு என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, அதுவும் தமிழில்தான். காட்பாடியைத் தாண்டிச் சித்தூர் எல்லைக்குள் போனால் அதே சாப்பாட்டுக்குத் தெலுங்கில் சாகாஹாரம் என்று பெயர். அங்கே சைவம் என்றால் சமயம் மட்டுமே.

இந்த ஒட்டுப்பொருள் இன்று மூலப்பொருளை மிஞ்சிவிட்டது. சோளிங்கர் நரசிம்மரைக் குலதெய்வமாகக் கொண்ட வைணவர் "எங்கள் வீட்டில் சைவம்தான்" என்கிறார். மேல்விஷாரத்து இஸ்லாமியர் வீட்டிலும் சாம்பார் வைத்த நாளில் "இன்றைக்குச் சைவம்" என்பார்கள். இரண்டு பேர் வாயிலும் அந்தச் சொல் எந்த உறுத்தலும் இல்லாமல் வருகிறது. ஹோட்டல் பலகையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் அது நிலைத்துவிட்டது. அதை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

என் மனக்குறை அசைவம் என்ற சொல்லின் மீதுதான். சைவத்தின் முன் ஓர் எதிர்மறை அகரத்தைச் சேர்த்துச் செய்த சொல் அது. நேராகப் பிரித்தால் சைவம் அல்லாதது. சிவனைக் கும்பிடும் தமிழரில் பெரும்பாலோர் ஆடும் கோழியும் மீனும் உண்பவர்கள். அவர்களுடைய அன்றாடச் சாப்பாட்டை அவர்களுடைய சமயத்துக்கே புறம்பானதாக்குகிறது இந்தச் சொல். கண்ணப்ப நாயனார் பன்றி இறைச்சியைப் பதம் பார்த்துச் சிவனுக்குப் படைத்த திருக்காளத்தி, 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை வடஆற்காட்டுடன் இருந்த ஊர். அறுபத்துமூவரில் ஒருவராக அவரைத் தொழுகிறோம். அவர் படைத்த உணவை அசைவம் என்கிறோம்.

வேலூரில் வாடகைக்கு வீடு தேடுபவர்களிடம் "நீங்கள் சைவமா?" என்று கேட்கிறார்கள். பல நேரம் அது சமையலைப் பற்றிய கேள்வி அல்ல, சாதியைக் கேட்கும் வழி. சைவ வேளாளர், சைவ முதலியார் என்று குலப்பெயரோடு சேர்ந்தே பழகிய சொல் ஆதலால் அந்த வேலைக்கு அது வசதியாக இருக்கிறது. உயிர்மேல் வைத்த இரக்கத்தைக் குறிக்க வேண்டிய சொல், மனிதரை வாசலிலேயே நிறுத்தி வைக்கப் பயன்படுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இரக்கத்துக்குத் தமிழில் வேறு சொல் ஏற்கெனவே இருக்கிறது. திருக்குறளின் 26-ஆம் அதிகாரத் தலைப்பு புலால் மறுத்தல். புலால் என்றால் ஊன். பச்சை இறைச்சியின், மீனின் நாற்றத்தையும் அது குறிக்கும். நம் பக்கத்துப் பேச்சில் இந்த இரண்டு பொருளையும் சேர்த்துத் தாங்குவது கவிச்சி. புரட்டாசி பிறந்தால் "இந்த மாதம் கவிச்சி கிடையாது" என்பார்கள்.

புலால் மறுத்தலில் எடை முழுவதும் இரண்டாம் சொல்லில் இருக்கிறது. கிடைத்தும் வேண்டாம் என்று சொல்வதுதான் மறுத்தல். ஆறு நாள் கேழ்வரகுக் களியும் கீரையும் தின்று, ஏழாம் நாள் கறி எடுக்கக் காசு இல்லாத கூலித் தொழிலாளி எதையும் மறுக்கவில்லை. பிறந்த குடும்பத்தில் சமைக்காததால் உண்ணாதவரும், கண்டிப்பாகப் பார்த்தால், இன்னும் மறுத்தவர் ஆகவில்லை; ஒருநாள் யோசித்துத் தானாக முடிவு செய்யும்போது ஆகிறார். சைவம் ஒருவர் யார் என்று சொல்கிறது. புலால் மறுத்தல் அவர் என்ன செய்கிறார் என்று சொல்கிறது. அறம் செயலில் இருப்பதால் இரண்டாவதே எனக்குச் சரியான சொல்.

அந்த அதிகாரம் துறவறவியலில் இருப்பதைக் காட்டி, அது துறவிகளுக்கு மட்டும் சொன்னது என்பார்கள். ஆனால் 256-ஆம் குறள் கடைவீதியைப் பார்த்துப் பேசுகிறது:

தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்தருவா ரில்.

தின்பதற்காக உலகம் கொல்லாது என்றால், விலைக்கு ஊன் விற்பவரும் இருக்கமாட்டார். "நான் கொல்லவில்லை, வாங்கித்தானே சாப்பிடுகிறேன்" என்பவருக்கு இது பதில். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக நிற்கும் நம் மாவட்டங்களில் இந்தக் குறளை இன்னும் ஒரு படி நீட்ட வேண்டியிருக்கிறது. கறிக்காக வெட்டிய ஆட்டின், மாட்டின் தோல்தான் இங்கே செருப்பாகவும் பெல்ட்டாகவும் ஆகிறது. அந்தத் தொழிலில் உழைக்கும் குடும்பங்களை நான் குறை சொல்லவில்லை. தட்டில் புலாலை மறுத்தவர் காலில் தோலை அணிவதைப் பற்றி ஒருமுறையாவது நினைக்க வேண்டும் என்கிறேன். சைவம் என்ற சொல் அவரை அப்படி நினைக்க வைப்பதில்லை.

நினைக்க வைத்தது 1944-இல் இங்கிலாந்தில் பிறந்த வீகன் என்ற சொல். வெஜிடேரியன் அதற்கு ஒரு நூற்றாண்டு மூத்தது; அங்கே வெஜிடேரியன் சங்கம் தொடங்கியது 1847-இல். பாலும் முட்டையும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். அவற்றையும் விலக்குபவருக்காகவே டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் புதுச் சொல் செய்தார்கள்; தேன், தோல், பட்டு ஆகியவற்றின் விலக்கும் பிறகு அதில் சேர்ந்தது. தமிழில் அதற்கு நனிசைவம் என்று எழுதுகிறார்கள். நனி என்றால் மிகுதி. உறு, தவ, நனி மூன்றும் மிகுதிப் பொருள் தருவன என்று தொல்காப்பியம் சொல்லும். அழகான ஆக்கம்தான். ஆனால் சைவத்தை இரட்டிப்பாக்கினால் வீகன் வந்துவிடாது, கணக்கு வேறு.

வள்ளிமலையில் நின்று பார்த்தால் இது விளங்கும். வேடர் மகள் வள்ளி முதியவர் வேடத்தில் வந்த முருகனுக்குத் தேனும் தினைமாவும் கொடுத்ததாகச் சொல்லும் மலை அது. அதே மலையில் கங்க மன்னன் இராசமல்லன் காலத்துச் சமணக் குகையும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன. தேனும் தினைமாவும் முருக பக்தருக்குக் குற்றமற்ற பிரசாதம். குகையில் தங்கிய சமணருக்குத் தேன், ஊனும் கள்ளும் போலவே விலக்கு. தேனெடுத்தால் உயிர்கள் சாகும் என்பது காரணம். ஆரணி, போளூர், வந்தவாசிப் பகுதித் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பொழுது சாய்வதற்குள் உண்பதும் அந்த வழியில் வந்ததே: இருட்டில் சிற்றுயிர் உணவில் விழுவது தெரியாது. ஒரே மலையில் இரண்டு விலக்குப் பட்டியல்கள் இருந்திருக்கின்றன. சைவம் என்ற ஒரு சொல்லால் இரண்டையும் சுட்ட முடியாது.

மருத்துவமனைக்காக வேலூர் வரும் வங்காளிகள் ஹோட்டலில் கேட்கும் நிராமிஷும் இன்னொரு கணக்கு. ஆமிஷம் என்றால் ஊன். அது இல்லாதது நிராமிஷம். ஆனால் மரபான வங்காள இந்துக் குடும்பங்களில் வெங்காயம், பூண்டும் அதில் சேராது. நம் பொட்டல உணவு விதிகளோ முட்டை கலந்தால் பச்சைக் குறியை மறுக்கின்றன, பாலுக்கும் தேனுக்கும் கொடுக்கின்றன.

உணவுப் பொருளை மட்டும் சொல்ல மரக்கறி நல்ல சொல். இலங்கைத் தமிழர் அதை அன்றாடம் ஆள்கிறார்கள். யவனர் பொன்னோடு வந்து கறியோடு போனார்கள் என்ற சங்கப் பாட்டில் கறி என்பது மிளகு. நம் ஊரில் கறி என்றாலே ஆட்டுக்கறி ஆகிவிட்டதால் மரக்கறி இங்கே வழக்கில் தேய்ந்தது. மீட்டெடுக்கலாம்.

மறுத்த பிறகு அன்றாடம் எப்படி? இலவம்பாடி முள் கத்தரிக்காய் நம் பக்கத்துப் பெருமை, புவிசார் குறியீடு பெற்றது. பச்சை மொச்சையோடு சேர்த்துப் புளிக்குழம்பு வைத்து, சூடான களியின் நடுவில் குழி பறித்து ஊற்றினால் வேறெதுவும் தேவைப்படாது. அதே காய் கருவாட்டோடும் சேரும், பிரியாணிக்குத் தொக்காகவும் போகும். விருந்தில் "துண்டை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றட்டுமா?" என்று அன்பாகக் கேட்பார்கள். சாறும் புலால்தான் என்று பணிவாகச் சொல்லிவிட வேண்டும். அதற்காக அவர்கள் வீட்டுப் பாத்திரத்தைத் தீட்டாக்கிப் பேசக்கூடாது.

பருப்பு, கொள்ளு, மொச்சை, வேர்க்கடலை இருந்தால் புரதத்துக்குக் குறைவில்லை. வைட்டமின் பி12 மட்டும் செடிகொடிகளிலிருந்து போதுமான அளவு கிடைக்காது. பால், தயிர் சேர்ப்பவர்களுக்கு ஓரளவு கிடைக்கும். அவற்றையும் விட்டவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்தே ஆகவேண்டும். கேப்ஸ்யூல் மருந்துகளின் உறை பெரும்பாலும் ஜெலட்டின், விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. அதற்காக வேண்டிய மருந்தை நிறுத்தக் கூடாது. தாவர உறையிட்டதும் விற்பனைக்கு இருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கலாம்.