கேடயத்துக்குள் கிதார்: புதிய மரபுச் சின்னங்கள் உருவாகும் விதம்

2001ஆம் ஆண்டு இசைக்கலைஞர் பால் மெக்கார்ட்னிக்கு வழங்கப்பட்ட மரபுச் சின்னத்தின் (ஒருவரையோ ஊரையோ அடையாளப்படுத்தும் கேடயச் சின்னம், coat of arms) கேடயத்தில் சிங்கமோ கழுகோ கோட்டையோ இல்லை. பொன்னிறப் பரப்பின் இரு ஓரங்களிலிருந்தும் கறுப்பு வில் வடிவங்கள் உள்நோக்கி வளைந்து வருகின்றன. அவை நடுவில் குறுக்காக முறிக்கப்பட்டிருப்பதால் இரண்டு விற்கள் நான்கு துண்டுகளாகின்றன. அவற்றுக்கிடையே இரண்டு கறுப்பு வட்டங்கள் உள்ளன. அனைத்தின் மீதும் ஆறு கோடுகள் செங்குத்தாக ஓடுகின்றன. சற்று நேரம் பார்த்தால் நடுவில் எஞ்சிய பொன்னிறப் பரப்பு கிதாரின் உடலாகவும், ஆறு கோடுகள் அதன் தந்திகளாகவும், ஓரத்து நான்கு வளைவுகள் அவர் பாடிய நால்வர் குழுவான பீட்டில்ஸை (ஆங்கிலத்தில் 'பீட்டில்' என்றால் வண்டு) நினைவூட்டும் வண்டு முதுகுகளாகவும் தெரியத் தொடங்குகின்றன. எனினும் கேடயத்தில் கிதார் எதுவும் வரையப்படவில்லை.

இதை வழங்கியது 1484இல் மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் சாசனத்தால் நிறுவப்பட்ட, லண்டனில் இன்றும் இயங்கும் மரபுச் சின்னக் கல்லூரி. அங்கு ஒருவர் விண்ணப்பித்தால், அதிகாரிகள் அவரோடு பேசி வடிவத்தைத் தீர்மானிக்கிறார்கள். அது முன்பு வழங்கப்பட்ட எந்தச் சின்னத்தோடும் ஒத்துப்போகவில்லை என்பதைப் பதிவேடுகளில் சரிபார்க்கிறார்கள். பின்னர் பதப்படுத்திய தோலில் கையால் எழுதிய ஆவணமாக அதை அளிக்கிறார்கள். அந்த ஆவணத்தில் வண்ண ஓவியமும் இருக்கும் என்றாலும், சின்னத்தை வரையறுப்பது அதிலுள்ள விவரண வாசகமே. பரப்பின் நிறம் முதலில், பிறகு முதன்மை உருவம், பிறகு அதன் நிறம், பிறகு சுற்றியுள்ளவை என்ற கட்டாய வரிசையில் அந்த வாசகம் அமைகிறது. வாசகத்தை மீறாத வரையில், எந்த ஓவியரும் எந்தப் பாணியிலும் அதை வரையலாம்; எல்லாமே அதே சின்னந்தான். புதுமைக்கான கதவு இங்கேதான் திறக்கிறது. வாசகத்தில் தெளிவாகச் சொல்ல முடிகிற எதுவும் கேடயத்துக்குள் நுழையலாம்.

நுழைந்தது நிலைப்பதற்கு நிறவிதியையும் அது கடக்க வேண்டும். பொன்னும் வெள்ளியும் உலோகங்கள் எனவும், சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை நிறங்கள் எனவும் மரபு பிரிக்கிறது. உலோகத்தின் மேல் உலோகமும், நிறத்தின் மேல் நிறமும் வைக்கக்கூடாது என்பது விதி. இதற்குப் பின்னால் நம் பார்வையின் இயல்பு இருக்கிறது. பொன்னைக் குறிக்கும் மஞ்சளும் வெள்ளியைக் குறிக்கும் வெள்ளையும் அதிக ஒளியைத் திருப்பி அனுப்புபவை, மற்றவை குறைவாக அனுப்புபவை. ஒரு வடிவத்தின் விளிம்பைத் தொலைவிலிருந்து கண்டுகொள்வதற்கு நிற வேறுபாட்டைவிட ஒளிர்வு வேறுபாட்டையே கண் பெரிதும் சார்ந்திருக்கிறது. மெக்கார்ட்னியின் சின்னத்தில் தந்திகள் பொன்னின் மேல் செல்லும்போது கறுப்பாகவும், கறுப்பின் மேல் செல்லும்போது பொன்னாகவும் மாறுகின்றன. நிறத்தை எதிர்மாற்றும் இந்த உத்தி மிகப் பழையது. அது இல்லாவிட்டால் தந்திகள் பாதிவழியில் மறைந்துபோயிருக்கும்.

இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு 1798ஆம் ஆண்டின் நைல் போர் வெற்றிக்குப் பிறகு கடற்படைத் தளபதி நெல்சனின் கேடயத்தில் சேர்க்கப்பட்ட மேற்பட்டை சான்று. கடல் அலைகள், அவற்றிலிருந்து எழும் ஒரு பனைமரம், ஒருபுறம் சிதைந்த கப்பல், மறுபுறம் இடிந்த பீரங்கித் தளம் என ஒரு முழு நிலக்காட்சியே அந்தச் சிறு பட்டைக்குள் அடைக்கப்பட்டது. அக்காலத்தில் இதுவும் புதுமைதான். ஆனால் முத்திரை அளவுக்குச் சுருக்கினால் அதில் எதுவும் தெரிவதில்லை. சின்னத்தை ஓவியமாக எண்ணியதன் விளைவு இது என்றே நான் கருதுகிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் வடக்கு ஐரோப்பா நேரெதிர் வழியில் சென்றது. நார்வேயில் சின்னக்கலைஞர் ஹால்வார்டு ட்ரேட்டெபெர்க்கின் செல்வாக்கால், ஊராட்சிச் சின்னங்கள் ஓர் உலோகம், ஒரு நிறம், ஒரே கருத்து என்ற அளவுக்குச் சுருங்கின. பின்லாந்தில் சின்னக்கலைஞர் குஸ்தாவ் வான் நூமெர்ஸ் இன்னும் நுட்பமாகச் சிந்தித்தார். கேடயத்தைப் பிரிக்கும் கோடு நேராகவோ அலையாகவோ மதில்போலவோ இருந்த மரபில், ஊசியிலை மரத்தின் உச்சி போன்றும் அதன் சிறுகிளை போன்றும் வளைந்தோடும் கோடுகளை அவர் புகுத்தினார். மரத்தை வரையாமலேயே, ஒரு விளிம்பின் வடிவத்தால் மட்டும் அந்த நாட்டின் காடு கேடயத்துக்குள் வந்துவிட்டது. என்னைப் பொறுத்தவரை நவீன சின்னக்கலையின் மிக அழகிய கண்டுபிடிப்பு அதுதான்.

கேடயத்துக்கு வெளியே உள்ள பகுதிகளில் விடுதலை அதிகம். இங்கிலாந்தில் கேடயத்தின் கீழ் எழுதப்படும் பொன்மொழியும் அதைத் தாங்கும் நாடாவும் வழங்கப்படும் உரிமையின் பகுதியல்ல என்பதால், உரியவர் விரும்பியபடி அவற்றை மாற்றிக்கொள்ளலாம். பிரிட்டிஷ் நாடாளுமன்ற மக்களவைத் தலைவராயிருந்த ஜான் பெர்கோவின் 2011ஆம் ஆண்டுச் சின்னத்தில், தன்பாலீர்ப்பாளர் உரிமையைக் குறிக்கும் வானவில் நிறங்களும் இளஞ்சிவப்பு முக்கோணங்களும் அந்த நாடாவில்தான் இடம்பெற்றன. 1988இல் தொடங்கப்பட்ட கனடாவின் மரபுச் சின்ன ஆணையம், தன் சொந்தக் கேடயத்தைத் தாங்குவதற்குப் பனிக்கரடியின் உடலும் அண்டங்காக்கையின் தலையும் கொண்ட ஒரு புதிய விலங்கையே படைத்துக்கொண்டது.

அதே ஆணையம் 1999இல் கனடாவின் வடக்கிலுள்ள நூனவுட் ஆட்சிப்பகுதிக்கு வழங்கிய சின்னத்திலோ மாற்றம் கேடயத்துக்குள்ளேயே நிகழ்ந்தது. கேடயம் வட்டமானது. அதன் பொன்னிறக் கீழ்ப்பரப்பில், பனிவெளியில் வழிகாட்டுவதற்காக இனுயிட் மக்கள் கற்களை அடுக்கி எழுப்பும் இனுக்சுக் நீலத்தில் நிற்கிறது. அருகில் குடும்பத்துக்கு ஒளியும் வெப்பமும் தரும் கல்விளக்கு எரிகிறது. மேலே நீலப் பரப்பில் ஐந்து பொன் வட்டங்கள் வில் வடிவில் அமைந்திருக்கின்றன. ஆண்டின் போக்கில் அடிவானத்துக்கு மேலும் கீழும் செல்லும் துருவப் பகுதிச் சூரியனின் பாதை அது. துருவ விண்மீன் வெள்ளியில் ஒளிர்கிறது. ஐரோப்பியப் போர்வீரனின் கேடயத்துக்காக உருவான இலக்கணத்தில், பொன்மேல் நீலமும் நீலத்தின்மேல் பொன்னும் வெள்ளியும் பிசகாமல் அமைய, அந்த மக்களின் நிலமும் வானமும் முழுமையாக எழுதப்பட்டிருக்கின்றன.